சனிக்கிழமை பார்த்துக்கலாம்

சூலியா தெருவில் என்னை வாய்க்காரன் என்று சொல்லாத ஆள் கிடையாது. மீன்காரன் வாலோரத் துண்டைத் தள்ளிவிட்டால் பாசார் முழுக்கக் கேட்கும்படி கத்துவேன். ரிக்‌ஷாக்காரன் சுற்று வழியில் போனால் நடுத்தெருவில் இறங்கி நின்று சண்டை பிடிப்பேன். என் பெண்சாதி ருக்கையா, "இந்த வாய்க்குப் பூட்டுப் போட ஒருத்தன் பொறந்து வரணும்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். அப்படிப்பட்ட நான், பேசியே ஆக வேண்டிய ஒரு வீட்டில் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதனால் ஓர் ஆள் செத்தான். இதைக் கேட்டுவிட்டு, எல்லாம் விதி என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். கெட்ட கோபம் வரும்.

என் பெயர் யூசுப். தொழில், உடம்பு பிடித்துவிடுவது. நான் பிறந்த நாகூர்ப் பக்கத்தில் இதைத் தொக்கணம் என்று பெரிய பேர் வைத்துச் சொல்வார்கள். பினாங்கில் எந்தப் பேர் வைத்தாலும் வலி போனால் சரி.

இந்த ஊரில் எவனாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், ஆளுக்கு ஒரு கையைச் சிபாரிசு செய்வார்கள். தலையையும் பிடரியையும் பிடித்துவிட நாவிதர்கள் இருந்தார்கள். அவர்கள் விரல் பட்டால், மூன்று நாள் தூங்காதவன்கூட நாற்காலியிலேயே குறட்டை விடுவான். பிள்ளை பெற்றவளுக்கு மலாய்க்காரப் பெண்கள் வந்து, சூடு காட்டிய கல்லைத் துணியில் சுற்றி ஒற்றடம் கொடுத்து, தளர்ந்த வயிற்றை நீவி, இடுப்பில் நீளத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டுப் போவார்கள். நாற்பத்து நாலு நாளில் அவள் பழையபடி நிமிர்ந்து நடப்பாள். சிந்த்ரா தெருவில் ஒரு ஜப்பான்காரன் இருந்தான், கண் தெரியாதவன். எண்ணெயைத் தொடமாட்டான். சட்டைக்கு மேலேயே கட்டைவிரலை வைத்து முதுகெலும்பு ஓரமாக அழுத்திக்கொண்டே போவான். அப்படி என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று நானே போய்ப் படுத்தேன். "விடுடா பாவி" என்று அலறினேன். ஆனால் எழுந்து நின்றபோது நாலு வருஷத்து முதுகு வலி பாதியாகியிருந்தது. சுளுக்கு, மூட்டு விலகல், எலும்பு முறிவு என்றால் சின்சே என்கிற சீன வைத்தியர்கள்தான். அவர்கள் இழுத்துப் பொருத்துகிற வேகத்தை நான் இன்னும் வியந்துகொண்டுதான் இருக்கிறேன்.

என் வேலை எண்ணெய் வேலை. நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, குதிகாலிலிருந்து தொடைக்கு, விரல் நுனியிலிருந்து தோளுக்கு, எப்போதும் மேல் நோக்கியே நீவுவேன். துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்குகிறவனின் தோள் சாயங்காலத்தில் மரக்கட்டையாகக் கிடக்கும். அரை மணி நேரம் என் கையில் கிடந்தால் மறுநாள் காலையில் அவன் பழைய ஆளாக மூட்டைக்கு முதுகைக் கொடுப்பான். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களின் முதுகைப் பிடித்துவிட்டால் புண் வைக்காது, பசிக்கும், தூக்கம் வரும். கையை நான் பெருமையாகப் பேசுகிறேன் என்றால், பேசத் தகுந்த கைதான்.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நோயாளியைப் பயமுறுத்தக் கூடாது. பயந்த உடம்பு இறுகிவிடும், இறுகினால் எந்தக் கைக்கும் இளகாது. அதோடு, பிடித்துவிட வந்தவன் வாயால் சாவு என்ற பேச்சு வரவே கூடாது. ஒருவன் அப்படிச் சொல்லி, சொன்னபடியே நோயாளியும் போய்ச் சேர்ந்ததால், கருநாக்குக்காரன் என்று பேர் வாங்கி, ஒரு வீடும் கூப்பிடாமல் ஊரை விட்டே போனான். அதனால் கை வைக்கக் கூடாத உடம்பைக் கண்டால் நாங்கள் காரணம் சொல்லமாட்டோம், நாள் சொல்லி நழுவுவோம். சீனர் வீட்டில், பஞ்சாங்கம் பார்த்துவிட்டு வருகிறேன் என்பேன். மலாய்க்காரர் வீட்டில், உடம்பில் காற்று ஏறியிருக்கிறது, அடங்கட்டும் என்பேன். எங்கள் ஆட்கள் வீட்டில், ஜும்மா முடியட்டும் என்பேன். இந்துக்கள் வீடென்றால் இன்னும் சுலபம். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான் எண்ணெய் நாள். மற்ற நாளில் தப்பித்துக்கொள்ளலாம். இதை நான் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிச்சைமுத்து தோங்காங் என்கிற பெரிய படகில் சரக்கு ஏற்றி இறக்குகிறவன். குவீன் தெருவுக்குப் பின்னால் ஒரு நீள வீட்டில், ஓர் அறையில், பெண்சாதி ஜெயலெட்சுமியோடு இருந்தான். ஒருநாள் பலகை வழுக்கி, படகுக்கும் கரைக்கும் நடுவில் விழுந்து இடது தொடை எலும்பை முறித்துக்கொண்டான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். சின்சே வந்து எலும்பைப் பொருத்தி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். இருபத்து நாலு நாள் அசையாமல் கிடந்தான். புதனும் சனியும் நான் போய் முதுகையும் கைகளையும் வலது காலையும் பிடித்துவிடுவேன்.

அந்த ஜெயலெட்சுமி இருக்கிறாளே, என்னையே வாயடைக்கிற வாய்க்காரி. "என்னண்ணே, கையா இது, கோழி றெக்கையா? நல்லா அழுத்துங்கலா!" என்று இந்த ஊர் லாவையும் சேர்த்துச் சொல்வாள். நான் கத்துவேன், அவள் அதைவிடச் சத்தமாகக் கத்துவாள், பிச்சைமுத்து படுத்தபடியே சிரிப்பான். ஆனால் என் கை போகிற வழியை அவள் கண் ஒரு நிமிஷம் விடாது. எந்த இடத்தில் உள்ளங்கை, எந்த இடத்தில் கட்டைவிரல், எத்தனை தடவை என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவனைத் தவிர அவளுக்கு இந்த மண்ணில் யாரும் இல்லை. பிள்ளை இல்லை, ஊரில் கூடப்பிறந்தவர்களும் இல்லை.

இருபத்தைந்தாம் நாள் ஒரு வியாழக்கிழமை. அன்று காலையில் சின்சே பத்தைகளைக் கழற்றிவிட்டு, எலும்பு கூடிவிட்டது என்று சொல்லிப் போனாராம். மத்தியானம் ஜெயலெட்சுமி என் வாசலுக்கே வந்துவிட்டாள். "அண்ணே, காலு வீங்கிக் கெடக்கு. கட்டிப் போட்டதால ரத்தம் ஓடலபோல. ஒரு தடவ நீவி விட்டீங்கன்னா சரியாயிடும்" என்றாள்.

போனேன். காலைப் பார்த்தேன். வலது கால் வற்றிப்போய்க் குச்சியாக இருந்தது. இடது கால் கெண்டையிலிருந்து தொடை வரை வீங்கி, தோல் மினுமினுத்தது. புறங்கையை வைத்தேன். சுட்டது. கெண்டைச் சதையை லேசாகத் தொட்டேன், உள்ளே கயிறு முறுக்கியது போல ஒன்று தட்டுப்பட்டது. பாதத்தை மெல்ல மேலே மடக்கியதும் பிச்சைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு "அம்மா" என்றான்.

இப்படி ஒரு காலை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தேன். தொடை முறிந்து கிடந்து எழுந்த ஒருவனுக்கு இதே வீக்கம், இதே சூடு. எனக்கு என்ன தெரியும்? எண்ணெய் போட்டு நன்றாக நீவினேன். வீக்கம் வடிந்தது, எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். கால் மணி நேரத்தில் அவன் இரண்டு தடவை இருமினான், நெஞ்சைப் பிடித்தான், செத்தான். அப்போது அங்கே டிரசராக, அதாவது டாக்டருக்கு உதவியாளாக இருந்த அப்துல் ஹமீதுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். அசையாமல் கிடந்த காலில் ரத்தம் தயிர்போல உறைந்து ரத்தக்குழாயை அடைத்துக்கொள்ளும். சும்மா விட்டால், அசைக்காமல் காலைத் தூக்கி வைத்துப் படுக்கவிட்டால், அது மெல்லக் கரையலாம். பிசைந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நெஞ்சுக்கு ஓடும். செத்தவனின் வீட்டாரிடம் நான் எதையும் சொல்லவில்லை. தோட்டத்தை விட்டுப் பினாங்குக்கு வந்துவிட்டேன்.

பிச்சைமுத்துவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவளிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு பேச்சுதான். இந்தக் காலில் கை வைத்தால் உன் புருஷன் செத்துப்போவான். சொல்லியிருந்தால் அவள் கத்தியிருப்பாள். "நல்ல நேரத்துல என்ன பேச்சு பேசுறே" என்று தெருவே கூடும்படி வைதிருப்பாள். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், யூசுப் சொல்லித்தான் ஆச்சு என்று காலமெல்லாம் பேசுவாள். அதற்குமேல், சாவு என்ற சொல் அந்த மனுஷன் காதில் விழுந்து அவன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"இன்னைக்கு வியாழக்கிழமையாச்சேம்மா" என்றேன். "ஆம்பளைக்கு எண்ணெ நாளு இல்ல. சனிக்கிழமை பார்த்துக்கலாம். அதுவரைக்கும் காலை ஆட்டாம வச்சிருங்க."

அவள் முகம் மலர்ந்தது. "நானே சொல்ல நெனச்சேண்ணே. உங்களுக்கு எங்க வழக்கம்லாம் தெரியுதே" என்றாள். பிச்சைமுத்துகூட, "பாய்க்குத் தெரியாதது என்ன இருக்கு" என்று சிரித்தான். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்துல் ஹமீது அப்போது புக்கிட் மெர்தாஜாமில் வேலையாக இருந்தார். அவரை அழைத்து வந்து, அவர் வாயாலேயே சொல்லவைத்து, பிச்சைமுத்துவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். டிரசர் சொன்னால் நம்புவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்ன தெரியுமா? நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல இன்னொரு வாயைத் தேடிக்கொண்டு கடல் தாண்டினேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கப்பலேறி, எதிர்க்கரையில் இருக்கிற பிறைக்குப் போய், அங்கிருந்து ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தார். வாசலிலேயே காத்துக் கிடந்தேன்.

வந்ததும் நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கேட்டு முடித்தவுடன், "யாரும் அந்தக் கால்ல கை வைக்கக் கூடாதுன்னு அழுத்தமா சொல்லிட்டுத்தானே வந்தே?" என்றார்.

"சொன்னேன்" என்றேன். இதுவும் பொய்தான். காலை ஆட்டாதே என்று சொன்னது அதற்குச் சமம்தான் என்று மனசைச் சமாதானப்படுத்தினேன்.

"சரி, காலையில முதல் ரயில்ல போவோம். ஆஸ்பத்திரில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. காலை வெட்டமாட்டாங்க, நானே பக்கத்துல நிக்கிறேன்னு சொல்லிப் புரிய வைக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை காலையில் மழை. பிறையில் கப்பல் கிளம்ப நேரமானது. மழைக்கு மறுகரை தெரியவில்லை. ஹமீது பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "அந்த வீட்ல தேய்ச்சுவிடத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லையே?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான், அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்த ஜெயலெட்சுமி ஞாபகத்துக்கு வந்தாள். அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

அதன்பிறகு நான் உட்காரவில்லை. கப்பல்காரனைப் போய்த் திட்டினேன். மழையைத் திட்டினேன். "என்னா பாய், பைத்தியமா?" என்று ஒருவன் சிரித்தான், அவன் சட்டையைப் பிடித்தேன். ஹமீது என்னை இழுத்து உட்காரவைத்து, "யூசுப்பு, நீ அந்த வீட்ல என்னதான் சொல்லிட்டு வந்தே?" என்று கேட்டார். சனிக்கிழமை பார்த்துக்கலாம் என்று சொன்னதைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நாங்கள் ரிக்‌ஷாவில் குவீன் தெருவுக்குப் போய் இறங்கியபோது மணி ஒன்பதரை இருக்கும். முற்றத்திலேயே நல்லெண்ணெய் வாசம் அடித்தது.

ஜெயலெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். முகம் பூராவும் சிரிப்பு. "வாங்கண்ணே, வாங்க. விடியக்காலையிலேர்ந்து உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒம்பதுக்கு ராகுகாலம் பொறந்துடும், அப்புறம் பத்தரைக்குத்தான் முடியும். அவருக்கு வலி தாங்கல. அதான் நானே எண்ணெய் காய்ச்சி, நீங்க செய்ற மாதிரியே குதிகால்லேர்ந்து மேல மேல நல்லா நீவிட்டேன். வந்து பாருங்கலா, வீக்கம் பாதி வடிஞ்சிருக்கு!"

உள்ளே பிச்சைமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இருபத்தேழு நாளில் அவன் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். "பாய், உங்க தொழிலுக்கு ஆள் வந்தாச்சு. காலு லேசாயிடுச்சு" என்றான். ஹமீது சட்டென்று போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நாடியைப் பிடித்தார். "தம்பி, மெல்லப் படுங்க. அசையாம படுங்க" என்றார்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டான் பிச்சைமுத்து. கேட்டுவிட்டு இருமினான். கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டினான். ஜெயலெட்சுமி சொம்பை எடுக்கத் திரும்பினாள். அவன் மறுபடி இருமி, நெஞ்சில் கையை வைத்து, என்னைப் பார்த்தான். ஏதோ கேட்பவன் போலப் பார்த்தான். உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. அவள் சொம்போடு திரும்பியபோது அவன் தலை ஹமீதுவின் தோளில் கிடந்தது.

அவள் அழுத அழுகையைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. வாய்க்காரி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, வெறும் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்களிடம் ஹமீது, "திடீர்னு நெஞ்சடைப்பு" என்று சொன்னார். பொய் இல்லை, உண்மையும் இல்லை. என்னைப் பார்த்து, "மத்ததை நீ சொல்லணும்" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு மத்தியானக் கப்பலுக்குப் போனார்.

பத்தாம் நாள் நான் போனேன். சொல்லத்தான் போனேன். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும், "அண்ணே, ஒண்ணு கேக்கணும். நான் நீவினது சரியாத்தானே நீவினேன்? எங்கேயாவது தப்பா அழுத்திட்டேனா?" என்று கேட்டாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எவனால் சொல்ல முடியும்? "சேச்சே, உனக்கு நல்ல கையும்மா. நான் செஞ்சாக்கூட அவ்வளவுதான். அவன் ஆயுசு அது" என்றேன். அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். "கடைசிக் காலத்துல என் கையால ஒரு சொகம் கொடுத்தேனே, அது போதும்" என்றாள். இரண்டாவது தடவையும் நழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்து ருக்கையாவோடு காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

நான் சொன்ன அந்தப் பொய்யை அவள் பிடித்துக்கொண்டாள். நல்ல கை என்று நான் சொன்னதை நம்பி அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குத் தலை, முதுகு, முழங்கால் என்று பிடித்துவிட்டாள். நிஜமாகவே நல்ல கைதான், அதுதான் கொடுமை. அவளிடம் போன பெண்களுக்குத் தலைவலி விட்டது, நடக்க முடியாதவர்கள் கோயிலுக்கு நடந்து போனார்கள். தெருவில் என்னைப் பார்த்தால், "உங்க பேரைக் காப்பாத்துறேண்ணே" என்பாள். நான் அவசரமாகப் போகிறவன் போலப் போய்விடுவேன்.

எட்டு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நான் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது அவள் வந்தாள்.

"ஒரு சந்தேகம்ணே. சலவைக்கார வேலு பொண்டாட்டிக்குப் பிள்ளை பொறந்து பன்னண்டு நாளாச்சு. கஷ்டப் பிரசவம், அசையாம படுத்தே கெடந்தா. இப்ப இடது காலு மட்டும் வீங்கிச் சுடுது. அவருக்கு இருந்துச்சே, அச்சு அசலா அதே மாதிரி."

என் நாக்கு தானாகவே வேலையை ஆரம்பித்துவிட்டது. "இன்னைக்கு வியாழக்கிழமை, இன்னைக்கு வேணாம்..." என்றேன்.

"அது தெரியாதா எனக்கு? பொம்பளைக்கு வெள்ளிக்கிழமைதானே. எல்லாம் சொல்லியாச்சு. நாளைக்கு விடியக்காலையில நீவி விடப்போறேன். அந்த வீட்ல பெரியவங்க ரொம்ப நம்பிக்கையா இருக்காங்க. எண்ணெய்ல என்ன சேக்கலாம்னு கேக்கத்தான் வந்தேன்."

எனக்கு நாள் தீர்ந்துபோனது. சனி, புதன், செவ்வாய், வெள்ளி எல்லாம் தீர்ந்துபோனது. ருக்கையா அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஜெயலெட்சுமியை உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "என்னண்ணே?" என்றாள்.

"அந்தக் கால்ல கை வைக்காதே. வச்சா அந்தப் பொண்ணு செத்துப்போவா" என்றேன்.

என் காதுக்கே அது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். உறைந்த ரத்தம், அது பெயர்ந்து போகிற வழி, ஒரு கால் மட்டும் வீங்கினால், சுட்டால், பாதத்தை மடக்கும்போது கெண்டை வலித்தால் அதன் அர்த்தம் என்ன, எல்லாம். சுங்கை பாக்காப்பில் என் கையில் செத்தவனைப் பற்றியும் சொன்னேன். அவனுடைய பெண்சாதிக்கு இன்றுவரை தெரியாது என்றும் சொன்னேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அப்ப, அவர..." என்றாள்.

"ஆமாம்மா."

"அன்னைக்கு வியாழக்கிழமை நீங்க காலைத் தொட்டுப் பாத்தீங்களே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்த வழியே விறுவிறுவென்று நடந்தாள். நான் செருப்பைக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன்.

வேலுவின் வீட்டு வாசலில் மாமியார்க்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜெயலெட்சுமி படியேறவில்லை. தெருவில் நின்றபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அந்தக் காலை யாரும் தொடாதீங்க. ரத்தம் கட்டியிருக்கு. தேய்ச்சா நெஞ்சுக்கு ஏறி செத்துப்போவா. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, ஆட்டாம, படுக்க வச்சே தூக்குங்க."

நான் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே நடந்தது. பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டு வாசலில் நின்று சாவு என்று சொன்னதற்கு அந்தக் கிழவி அவளைக் கேட்காத கேள்வி இல்லை. கருநாக்கு என்றாள். தாலியறுத்தவள் என்றாள். உன் புருஷனை முழுங்கினது போதாதா, என் வீட்டுக்கும் வந்தியா என்றாள். அக்கம்பக்கத்துச் சனம் கூடிவிட்டது. யாரோ மண்ணை வாரித் தூற்றினார்கள். ஜெயலெட்சுமி முகத்தைத் துடைக்கவும் இல்லை, பதிலுக்குக் கத்தவும் இல்லை. "என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. அவளைத் தூக்குங்க" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு நின்றாள். கடைசியில் வேலு உள்ளே இருந்து வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கதவைக் கழற்றி, நாலு பேராக அந்தப் பெண்ணைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் காலை உயர வைத்துப் படுத்துக் கிடந்துவிட்டு அவள் நடந்து வீட்டுக்கு வந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று அவர்கள் தெருக்கோடியில் திரும்பும்வரை ஜெயலெட்சுமி பார்த்துக்கொண்டே நின்றாள். கிழவி இன்னும் வைதுகொண்டிருந்தாள். கூட்டம் கலைந்தது. தலையில் மண்ணோடு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களாண்ணே, எவ்வளவு திட்டு" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நானும் அன்னைக்கு உங்கள இப்படித்தான் திட்டியிருப்பேன். இவ்வளவுதான். இதுக்குப் பயந்தா என்கிட்ட சொல்லாம போனீங்க?"